திரும்பிப் பார்த்த முகம்

வண்டி நம்பரை ஏன் பார்க்கவில்லை என்று எல்லோரும் ஜெயசுதாவைக் கேட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். கணவன் முத்துக்குமரன் கேட்டான். செத்துப்போன பெண்ணின் அம்மா ருக்குமணி கேட்டாள். ஜெயசுதாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவள் பார்த்தது ஓட்டியவனின் முகத்தை.

அவள் தவளக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. வீடு சோரியாங்குப்பத்தில். தினமும் ஸ்கூட்டரில் போய் வருவாள். பிள்ளைகளுக்கு மயிலும் தேசியக்கொடியும் போடச் சொல்லிக்கொடுப்பது சம்பளத்துக்கான வேலை. சொந்தமாக அவள் செய்வது முகங்கள். சார்கோல் கரித்துண்டை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்களையும், ரேஷன் கடை வரிசையில் சலித்துப்போய் நிற்கிறவர்களையும் வரைவாள். அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பதில் அவளுக்குப் பெரிய அக்கறை இல்லை. அந்த ஆள் மனசில் என்ன ஓடுகிறது என்பது தாளில் வந்துவிட வேண்டும். பெரும்பாலும் வந்துவிடும்.

கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி இருக்கும். தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பாகூரைத் தாண்டி, இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற ரோட்டில் அவள் வந்துகொண்டிருந்தாள். முன்னால் இடது ஓரமாக ஒரு பெண் குடை பிடித்து நடந்து போனாள். பின்னாலிருந்து ஒரு குட்டியானை சரக்கு வண்டி ஜெயசுதாவை உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு போனது. அடுத்து ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. நனைந்த மூட்டையைக் கீழே போட்டால் கேட்கிற சத்தம். குடை மட்டும் தனியாக ரோட்டில் உருண்டது.

வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தான். பிரேக் பிடித்து நின்ற ஜெயசுதாவின் ஸ்கூட்டர் விளக்கு அவன் முகத்தில் பாதிக்கு விழுந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். முதலில் பயந்தான். இறங்கலாமா என்று யோசித்தான். பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தான். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த முகத்தில் நடந்ததை அவள் பார்த்தாள். தலை உள்ளே போனது. வண்டியும் போய்விட்டது.

அடிபட்டவள் பெயர் செல்வகுமாரி. பத்தொன்பது வயது, நர்சிங் படிக்கிறவள். ஜெயசுதா அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு போன் போடுங்க" என்றாள் அந்தப் பெண். பத்து எண்களையும் தப்பில்லாமல் சொன்னாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஜெயசுதா பலகையில் தாளை வைத்து கிளிப் போட்டாள். பல்கூடத் துலக்கவில்லை. கை தானாக ஓடியது. முகத்தின் ஒரு பாதியைக் கரியை அழுத்தித் தேய்த்து முழு இருட்டாக்கினாள். மறு பாதியில் விளக்கு வெளிச்சம். கழுத்தை முறுக்கித் திரும்பியதில் தாடைக்குக் கீழே புடைத்த நரம்பு. அகன்ற மூக்கு. மூக்கோரத்திலிருந்து உதட்டோரம் வரை ஆழமாக இறங்கும் கோடு. லேசாகத் திறந்த வாய். கண்ணில் பயமும், அந்தப் பயத்துக்குள்ளேயே தப்பிவிடலாம் என்ற நினைப்பும்.

முத்துக்குமரன் காபி டம்ளரோடு வந்து பின்னால் நின்றான். "யம்மா, பாத்தாலே பகீர்னு இருக்குதுடி. ஆளு அப்டியே நிக்கறான்" என்றான்.

அதுவரை அவள் வரைந்ததில் அதுதான் ஆகச் சிறந்த படம். அவளுக்கே தெரிந்தது. ஒரு பெண் செத்துக் கிடக்கிற நேரத்திலும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. பிற்பாடு அதை நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மேடம், இது எங்களுக்கு உதவும். ஆனா படத்த வெச்சி யாரையும் புடிச்சி உள்ள போட முடியாது. வண்டி கெடைக்கணும். நீங்க இத வெளிய யார்கிட்டயும் குடுக்காதீங்க" என்றார். பாகூர்க் கடைத்தெருவில் கேமரா பார்த்ததில், அந்த நேரத்துக்கு மூன்று குட்டியானைகள் போயிருக்கின்றன. மழையில் ஒன்றின் நம்பரும் தெரியவில்லை.

ஜெயசுதா யாருக்கும் கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் மூன்றாம் நாள் துக்கத்துக்குப் போனபோது ருக்குமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவன் இல்லாதவள். கரும்பு வெட்டப் போய் ஒற்றை மகளைப் படிக்கவைத்தவள்.

"நீ அவன பாத்தியாமே. படம் போட்டு போலீசுக்கு குடுத்தியாமே. எனக்கு காட்டுமா. எம் பொண்ண அப்டியே போட்டுட்டுப் போனவன் மொகத்த நான் ஒரு தரம் பாக்கணும்."

போனில் இருந்த படத்தைக் காட்டினாள். காட்டாமல் எப்படி இருப்பது? ருக்குமணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. "பாத்துக்கினே போயிருக்கான்" என்றாள். "சாவறாளா இல்லியான்னு பாத்துட்டுத்தான் போயிருக்கான்."

ருக்குமணியின் தம்பி சிங்காரவேலு எட்டிப் பார்த்தான். "அக்கா, அத எனக்கு அனுப்புங்க" என்றான். அத்தனை பேர் அழுதுகொண்டிருக்கிற வீட்டில் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அனுப்பினாள்.

அன்று மாலைக்குள் பாகூர் கொம்யூனின் எல்லா ஊர்களுக்கும் அந்த முகம் போய்விட்டது. மறுநாள் செல்வகுமாரியின் கண்ணீர் அஞ்சலி பேனர் நாலு இடத்தில் கட்டப்பட்டது. மேலே சிரித்துக்கொண்டிருக்கும் செல்வகுமாரி. கீழே அந்தக் கரிப்படம். அதற்கடியில் சிவப்பு எழுத்தில்: "இவனைத் தெரியுமா?"

தெரியும் என்று நாற்பது பேர் சொன்னார்கள். ஏம்பலத்தில் குட்டியானை ஓட்டுகிற ஒருவர். அன்றைக்குச் சாயங்காலம் பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வந்திருக்கிறார். வண்டியின் முன்பக்கம் ஒரு நசுங்கலும் இருக்கிறது.

அடையாளம் சொல்ல ஜெயசுதாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவளைப் பார்த்ததும் எழுந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"டீச்சர்! நல்ல வேள நீங்க வந்தீங்க. இவங்களுக்கு சொல்லுங்க டீச்சர். நான் தண்ணி கேன் அரங்கநாதன். உங்க ஸ்கூலுக்கு செவ்வா, வெள்ளி கேன் போடறவன். என்னை தெரியலயா?"

ஜெயசுதாவுக்குத் தெரிந்தது.

மூன்று வருஷமாக வாரத்துக்கு இரண்டு முறை அவளுடைய ஓவிய அறை ஜன்னலுக்கு வெளியே அவர் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கேன்களை இறக்குவார். கேனைத் தோளில் ஏற்றும்போது கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்புவார். அப்போது தாடைக்குக் கீழே நரம்பு புடைக்கும். வாய் லேசாகத் திறக்கும். உதட்டோரம் அந்தக் கோடு இறங்கும். பிள்ளைகள் மயிலுக்கு நீலம் அடித்துக்கொண்டிருக்கும்போது அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளும் அவர் பெயரைக் கேட்டதில்லை. அவர் யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆனால் அவள் கை அந்த முகத்தைக் கற்றுவைத்திருந்தது.

"இவர்தானா மேடம்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இவர் இல்ல சார்."

"படம் இவர மாதிரியே இருக்கே?"

"இருக்கு சார். நான் அந்த டிரைவரத்தான் வரையறேன்னு நெனச்சேன். அவனோட பார்வைய மட்டும்தான் நான் பாத்திருக்கேன். மொகம் இவரோடது. என்னை அறியாம வந்துடுச்சி."

"சரி. அப்ப அந்த டிரைவர் மூஞ்சி எப்டி இருந்திச்சி? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

ஜெயசுதா கண்ணை மூடினாள். ரோடு வந்தது. கரும்பு வந்தது. உருளும் குடை வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை நீண்டது. அந்தத் தலையில் இருந்தது அவள் வரைந்த முகம்தான். அதைத் தள்ளிவிட்டுப் பின்னால் பார்க்க முயன்றாள். பின்னால் ஒன்றும் இல்லை.

"தெரியல சார்."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மேசையில் வைத்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்புதான் தெரிந்தது.

அரங்கநாதன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "அந்தப் படத்த போட்டது நீங்களா டீச்சர்?" என்றார். குரலில் திட்டு இல்லை. நம்ப முடியாமல் கேட்ட மாதிரி இருந்தது.

வண்டியின் நசுங்கல் பழையது, மண்டபத் தூணில் இடித்தது என்று மண்டப மேனேஜர் சொன்னார். அரங்கநாதன் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பது மட்டும் அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள்.

ஆனால் ஊர் விடவில்லை.

மறுநாள் காலையில் ருக்குமணியும் சிங்காரவேலுவும் ஜெயசுதாவின் வீட்டுக்கு வந்தார்கள். சிங்காரவேலு உட்காரவில்லை. "யாரு வந்து மெரட்டினா, சொல்லுங்கக்கா. ஏன் ஸ்டேஷன்ல மாத்தி சொன்னீங்க?"

"யாரும் மெரட்டலப்பா. நான்தான் தப்பா வரைஞ்சிட்டேன்."

"தப்பா வரைஞ்சா எப்டி அதே ஆளு வருவான்? அதே வண்டி, அதே நாளு, அதே ஊரு. எல்லாம் தப்பா?"

அவள் தண்ணீர் கேனைப் பற்றிச் சொன்னாள், ஜன்னலைப் பற்றிச் சொன்னாள், கை தானாக வரைந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது சால்ஜாப்பு மாதிரி கேட்டது.

ருக்குமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எம் பொண்ணு போவும்போது அவ தல உன் மடியிலதான் இருந்திச்சி. நீயும் அவளுக்கு பெத்த தாயி மாதிரி. அவ செத்த மறுநாளு, மனசுல ஈரம் காயாம நீ வரைஞ்சத நான் நம்பறேன். இப்ப வந்து சொல்றியே, இத நம்ப மாட்டேன். நீ நல்லவ. யாரோ உன்ன பேச வெக்கறாங்க."

அவளைப் பொய்க்காரி என்று ஏசியிருந்தால் பதில் பேசியிருப்பாள்.

அந்த வாரம் முழுக்க அவள் செய்யாததில்லை. படம் போன எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் "இது தவறான படம், இந்த நபருக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இல்லை" என்று எழுதி அனுப்பினாள். சில குழுக்களிலிருந்து அவளை நீக்கினார்கள். ஒருவர் கீழே எழுதினார்: "படத்தைப் பார்த்தாலே தெரியுதே மேடம், கண்ணுலயே குற்றம் இருக்கு." அதைப் படித்துவிட்டு அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தக் குற்றத்தை அங்கே வைத்தது அவள் கட்டைவிரல்தான். கரியைத் தேய்த்து, ரப்பரால் ஒரு புள்ளி வெளிச்சம் எடுத்து வைத்தது.

பேனரைக் கழற்ற முத்துக்குமரனோடு பாகூருக்குப் போனாள். கயிற்றில் கை வைத்ததும் நாலு பேர் கூடிவிட்டார்கள். "செத்துப்போன பொண்ணு பேனர கழட்ட வந்தீங்களா?" என்று ஒருவர் கேட்டார். மேலே செல்வகுமாரி சிரித்துக்கொண்டிருந்தாள். முத்துக்குமரன் ஜெயசுதாவின் தோளைத் தொட்டு, "வா, போலாம்" என்றான்.

ஸ்டேஷனுக்கு மறுபடியும் போனாள். பேனர்களை எடுக்க ஆள் அனுப்புவதாக சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். அனுப்பவும் செய்தார். இரண்டு பேனர்கள் போயின. போன்களில் இருந்ததை யார் கழற்றுவது?

வேறு முகம் வரைந்து கொடுத்தாலாவது இந்த முகம் மறையும் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுத் தாளை எடுத்தாள். மூக்கைக் குறுக்கினாள், நெற்றியை ஏற்றினாள். ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே மாற்றினாள். வந்தது உயிரில்லாத பொம்மை. பார்வையைக் கொண்டுவரக் கண்ணைத் தொட்டதும் மெல்ல மெல்ல அரங்கநாதன் வந்துவிட்டார். ஐந்து தாள்களைக் கிழித்தாள். ஆறாவதை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையிடம் போய் நின்றாள். பள்ளிக்குத் தண்ணீர் கேன் போடுகிற வேலையை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டதாக அதற்கு முன்பே பேச்சு வந்திருந்தது.

"மேடம், அவர் நிரபராதி. நான் எழுதித் தரேன்."

"எனக்குத் தெரியுது ஜெயசுதா. பேரன்ட்ஸ் கேக்கறாங்க. தெனம் பத்து போன் வருது. நான் அவங்களுக்கு என்ன சொல்றது, எங்க டீச்சர் தப்பா வரைஞ்சிட்டாங்கன்னா?"

"அப்படித்தான் சொல்லணும் மேடம்."

தலைமை ஆசிரியை அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "சொன்னேன். நம்பல."

வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்குத் தவளக்குப்பம் சந்திப்பில், அத்தனை கடைகளும் பஸ்களும் ஜனமும் இருக்கிற இடத்தில், சிக்னலுக்கு நின்ற அரங்கநாதனை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். கண்ணாடியை உடைத்தார்கள். அடித்தவர்களில் சிங்காரவேலு இல்லை. செல்வகுமாரிக்கு உறவான ஒருவர்கூட இல்லை. யாரோ. போனில் படம் பார்த்தவர்கள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வந்தது. ஜெயசுதா டிபன் பாக்ஸை மூடினாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஏம்பலத்துக்குப் போனாள்.

சின்ன ஓட்டு வீடு. வாசலில் காலிக் கேன்கள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. அரங்கநாதனின் மனைவி உஷாராணி கதவைத் திறந்தாள். யாரென்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

"ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுகினு இப்பதான் வந்து படுத்தாரு. இன்னா வோணும்?"

"மன்னிப்பு கேக்க வந்தேன்."

"கேட்டுட்டீங்க. அப்புறம்?"

உஷாராணி கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"நான் அந்தப் படத்த பாத்தேன். நல்லாத்தான் போட்டிருக்கீங்க. மூக்கு, வாயி, எல்லாம் அவருதான். ஆனா அந்தப் பார்வ இருக்குது பாருங்க, திருட்டுப் பார்வ. இருவது வருசமா குடும்பம் நடத்தறேன், அவரு மொகத்துல அத நான் பாத்ததே இல்ல. அது எங்கேர்ந்து வந்திச்சின்னு எனக்கு புரியல." அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். "ஸ்டேஷனுக்கு போய் வந்ததுலேர்ந்து அது வந்துடுச்சி. வாசல்ல வண்டி சத்தம் கேட்டா போதும், நீங்க போட்ட மாதிரியே திரும்பிப் பாக்கறாரு."

உள்ளேயிருந்து, "யாரு உஷா?" என்று குரல் வந்தது.

"ஒருத்தருமில்ல. தூங்குங்க" என்றாள் உஷாராணி. பிறகு ஜெயசுதாவிடம், "போங்கமா. நீங்க கெட்டவங்க இல்ல, அது தெரியுது. அத வெச்சி நாங்க இன்னா செய்யறது?" என்றாள்.

பொங்கல் வந்தது, போனது. கேஸில் ஒரு முன்னேற்றமும் இல்லை. அந்த மூன்று குட்டியானைகளில் இரண்டைக் கண்டுபிடித்து விசாரித்துவிட்டார்கள். அவற்றில் ஒன்று அரங்கநாதனுடையது. மூன்றாவது கடலூர்ப் பக்கம் போயிருக்கலாம் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ஓட்டியவன் யார் என்று இன்றுவரை தெரியாது. ருக்குமணி மறுபடியும் கரும்பு வெட்டப் போகத் தொடங்கினாள். ஜெயசுதாவை வழியில் பார்த்தால் நின்று, சாப்பிட்டாயா என்று கேட்பாள். அந்த விஷயத்தை மட்டும் பேச மாட்டாள். ஜெயசுதா பேச ஆரம்பித்தால் கேட்காத மாதிரி நடந்துவிடுவாள்.

தை மாதக் கடைசியில் அரங்கநாதன் குடும்பம் ஊரை விட்டுப் போகிறது என்று முத்துக்குமரன் கேள்விப்பட்டு வந்து சொன்னான். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் உஷாராணியின் அண்ணன் வீடு இருக்கிறது. அங்கே ஒரு கிடங்கில் வாட்ச்மேன் வேலையாம். கை இன்னும் ஸ்டியரிங் பிடிக்கிற அளவுக்குத் திரும்பவில்லை.

ஜெயசுதா காலையிலேயே போனாள். வாசலில் ஒரு மினி லாரி நின்றது. பீரோ, கட்டில், பாத்திர மூட்டை எல்லாம் ஏறிவிட்டன. கீழே கிடந்த பிளாஸ்டிக் குடத்தை அவள் எடுத்து நீட்டினாள். உஷாராணி பேசாமல் அதை அவள் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தாள். பிறகு தானே எடுத்து லாரியில் ஏற்றினாள்.

அரங்கநாதன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஜெயசுதா ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். விபத்தை நேரில் பார்த்தவள் என்ற முறையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கிய காகிதம். படத்தில் இருப்பவர் இவர்தான், ஆனால் வண்டியை ஓட்டியவர் இவர் அல்ல என்று அதில் இருந்தது.

"அங்க யாராவது படத்த வெச்சிகினு கேட்டா இதக் காட்டுங்க."

அவர் இடது கையால் வாங்கிப் படித்தார். நிதானமாக, கடைசி வரி வரை.

"நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர்" என்றார். "ஆனா கேக்கறவன்கிட்ட காட்டலாம். கேக்காம பாக்கறவன்கிட்ட?"

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஸ்கூலுக்கு லேட்டாவப் போவுது, கெளம்புங்க" என்றார். அதையும் அவர் கனிவாகத்தான் சொன்னார்.

லாரி புறப்பட்டுத் தெருமுனையில் திரும்பியது. எதிரில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மாள், கையில் பையோடு, ஜெயசுதாவின் பக்கத்தில் வந்தாள். வெளியூர்க்காரி போல.

"ஏம்மா, முன்னாடி உக்காந்திருந்தாரே, அந்த ஆக்சிடென்ட் படத்துல இருந்தவர் இவருதான?"

"படத்துல இருந்தது அவர்தான். ஆனா அவர் எதுவும் செய்யல."

"செய்யலன்னா ஏன் ஊர விட்டு போறாங்க?" என்றாள் அந்த அம்மாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் ஜெயசுதாவின் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.